நாற்காலிப் பங்கீடும் கையெழுத்துப் பங்கீடும்

புளியஞ்சோலையில் அய்யாறு தரைக்கு இறங்கும் இடம் திருச்சி மாவட்டம். அந்தத் தண்ணீர் அருவியாக விழும் ஆகாய கங்கை நாமக்கல் மாவட்டம். கீழே உப்பிலியபுரம் ஊராட்சி ஒன்றியம். மேலே பதினான்கு ஊராட்சிகள் கொண்ட கொல்லிமலை ஒன்றியம். கிராம ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது என்பதால், இந்தப் பக்கத்து ஊராட்சி மன்றங்களில் கூட்டணி ஆட்சி என்று எதுவும் ஏட்டளவில் இல்லை. ஆனாலும் அதிகாரத்தை இரண்டு பேருக்குப் பிரித்துத் தரும் ஏற்பாடு உண்மையில் இருப்பது இங்கேதான். மாநகராட்சிகளில் நாம் பார்த்த கூட்டணிப் பங்கீட்டை எடைபோட இதையே படிக்கல்லாக வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள்; துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்க இருவர் கையெழுத்தும் வேண்டும். மோட்டார் பழுதுக்கும் தெருவிளக்குக்கும் தலைவர் மட்டும் கையெழுத்துப் போட்ட காசோலை வங்கியில் செல்லாது. ஆகவே யாரும் யாரோடும் ஒப்பந்தம் போடாமலே, எதிரெதிர் அணியைச் சேர்ந்த இரண்டு பேரானாலும் ஐந்தாண்டு சேர்ந்து நடந்தாக வேண்டும். இதன் கெடுதியும் ஊரறிந்ததுதான். தனி ஊராட்சிகளில் பட்டியல் சாதித் தலைவர்களையும், பழங்குடித் தலைவர்களையும், பெண் தலைவர்களையும் மடக்கி வைக்கத் துணைத் தலைவரின் பேனா பயன்பட்டிருக்கிறது. தகராறு முற்றினால் ஆட்சியர் தலையிட்டுக் கையெழுத்து அதிகாரத்தை அலுவலர் கையில் கொடுக்க வேண்டியிருக்கிறது. இத்தனை கேடு விளைவிக்க முடிகிறது என்றால், அந்தத் துணைப் பதவியில் அதிகாரம் இருக்கிறது என்றுதானே பொருள்?

இனி மாநகராட்சிக்கு வருவோம். 2022 பிப்ரவரி 19-இல் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் 21 மாநகராட்சிகளையும் தி.மு.க. கூட்டணி பிடித்தது. மார்ச் 4-ஆம் தேதி காலையில் மேயர், பிற்பகலில் துணை மேயர் என மறைமுகத் தேர்தல். யாருக்கு எது என்பது அதற்கு முன்பே சென்னையில் முடிவாகிவிட்டது. கும்பகோணம் மேயர் காங்கிரசுக்கு. மதுரை துணை மேயர் மார்க்சிஸ்ட் கட்சிக்கு. திருப்பூர் துணை மேயர் இந்தியக் கம்யூனிஸ்டுக்கு. கடலூர் துணை மேயர் விடுதலைச் சிறுத்தைகளுக்கு. ஆவடி துணை மேயர் ம.தி.மு.க.வுக்கு.

இந்தப் பங்கீட்டில் நல்லது இல்லை என்று சொன்னால் அது பொய். கும்பகோணம் 48 வார்டு கொண்ட மன்றம். காங்கிரசுக்கு அதில் இரண்டே உறுப்பினர்கள். ஆனாலும் புது மாநகராட்சியின் முதல் மேயராக அமர்ந்தவர் ஆட்டோ ஓட்டிப் பிழைத்த க. சரவணன். நேரடித் தேர்தல் செலவைத் தாங்க முடியாத ஒருவர் அந்த அங்கியை அணியக் கூட்டணி வழிவிட்டது. மு.க. ஸ்டாலின் 1996-இல் சென்னை மேயரானதுபோல ஊர் முழுக்க ஓட்டுக் கேட்டு வரவேண்டும் என்றிருந்தால், சரவணனுக்கு அந்த இடம் எட்டியிருக்குமா என்பது சந்தேகம். சின்னக் கட்சிகள் மன்றத்தில் இருப்பதும், தலைமைக் கட்சியின் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்பதும் நல்லவைதான்.

கோளாறு அந்த மார்ச் 4 அன்றைக்கே தெரிந்தது. தேனி அல்லிநகரம் நகராட்சித் தலைவர் பதவி காங்கிரசுக்கு என்றார்கள்; வந்து உட்கார்ந்தவர் தி.மு.க. உறுப்பினர். விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கிய நெல்லிக்குப்பத்திலும் அதே கதை. ஸ்டாலின் அன்று மாலையே அறிக்கை விட்டு, கூட்டணிக்கு ஒதுக்கிய இடத்தில் வென்ற தம் கட்சியினரைப் பதவி விலகச் சொன்னார். தலைமையின் வருத்தம் உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் வார்டு வார்டாக அலைந்து வென்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பங்கு பிரித்தால், அவர்கள் ரகசிய வாக்குச் சீட்டில்தான் பதில் சொல்வார்கள்.

போட்டி வேட்பாளர்களைப் பற்றித்தான் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. கொடுத்த பதவிக்கு என்ன வேலை? மேயர் இல்லாதபோது கூட்டத்துக்குத் தலைமை தாங்குவதுதான் துணை மேயரின் முக்கியமான வேலை. 2023-இல் மதிப்பூதியம் அறிவித்தபோது மேயருக்கு மாதம் 30,000, துணை மேயருக்கு 15,000 என்றார்கள். ஊதியம் பாதி, அதிகாரம் அந்த அளவுக்கும் இல்லை. மாநகராட்சியின் உண்மையான வேலை மண்டலக் குழுக்களிலும் நிலைக்குழுக்களிலும் நடக்கிறது. வரி, நகரமைப்பு, பணிகள், சுகாதாரம், கணக்கு எல்லாம் அங்கேதான்.

மதுரை இதற்குச் சரியான சாட்சி. நூறு வார்டு மன்றத்தில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு நான்கு உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரான தி. நாகராஜன் துணை மேயர். சொத்துவரி குறைப்பு முறைகேடு வெடித்தபோது, 2025 ஜூலையில் ஐந்து மண்டலத் தலைவர்களும் வரி, நகரமைப்பு நிலைக்குழுத் தலைவர்கள் இருவரும் பதவி விலக வைக்கப்பட்டார்கள். ஏழு பேரும் தி.மு.க. அக்டோபரில் மேயரும் விலகினார். விலகியவர்களின் பட்டியலைப் பார்த்தாலே சாவி யார் கையில் இருந்தது என்று புரியும். வரிக் குழுவில் ஒரு கூட்டணிக்காரர் தலைவராக இருந்திருந்தால் முறைகேடு நடந்தே இருக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கோப்பு இரண்டு கட்சியின் கண்ணில் பட்டிருக்கும், அவ்வளவுதான் சொல்ல முடியும். அதுவே பெரிய காரியம்.

ஒரே கட்சி எல்லாவற்றையும் வைத்துக்கொண்டால் சண்டை வராது என்பவர்களுக்கு நெல்லையைக் காட்டலாம். அங்கே தி.மு.க. மேயர் சொந்தக் கட்சி உறுப்பினர்களோடு மல்லுக்கட்டியே 2024 ஜூலையில் விலகினார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் கட்சி நிறுத்தியவருக்கு 30 வாக்கு, அதே கட்சியின் போட்டி வேட்பாளருக்கு 23.

வேறு ஊர்களில் எப்படி? 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கொல்கத்தாவில் மேயருக்குக் குட்டி அமைச்சரவை மாதிரி ஒரு குழு உண்டு; ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஒரு துறை. குப்பை அள்ளவில்லை என்றால் யாரைக் கேட்பது என்று தெரியும். ஆளைப் பொறுக்குவது மேயர் என்பதால், மாற்றுக் குரல் உள்ளே வராமல் போவது அதன் குறை. கேரளத்தில் எல்லா உறுப்பினரும் ஏதாவது ஒரு நிலைக்குழுவில் இருந்தாக வேண்டும். எதிர்க்கட்சிக்கே ஒரு குழுவின் தலைமை போய்விடுவதும் உண்டு. யாழ்ப்பாணத்தில் நடந்தது இன்னொரு வகை. உறுதியான உடன்பாடு இல்லாத மன்றத்தில் வரவு செலவுத் திட்டம் இரண்டு முறை தோற்றதால் மேயர் ஆர்னோல்ட் பதவி இழந்தார். 2020 டிசம்பரில் அவரை 21-க்கு 20 என்று ஒரே வாக்கில் வீழ்த்தி மணிவண்ணன் வந்தார். அங்கே சின்னக் கட்சியின் கையில் மன்றத்தின் பிடரி இருந்தது. இங்கே சின்னக் கட்சிக்கு மாலையும் பெயர்ப்பலகையும் கிடைக்கிறது. இரண்டுமே சரியில்லை, இரண்டிலும் என்ன வேலையை யார் செய்வது என்ற எழுத்து உடன்பாடு இல்லை.

இதில் பெரிய கட்சியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பேச்சுவார்த்தைக்குப் போன சின்னக் கட்சிகளும் துணை மேயர் நாற்காலியைத்தான் கேட்டு வாங்கின. 'வரிக் குழுவைக் கொடுங்கள், பணிகள் குழுவைக் கொடுங்கள்' என்று அடம்பிடித்ததாகச் செய்தி எதுவும் என் கண்ணில் படவில்லை. கார் கண்ணாடியில் ஒட்ட துணை மேயர் என்பதுதான் எடுப்பாக இருக்கும் போலிருக்கிறது.

மலையடிவாரத்து ஊருக்கு இதில் என்ன வந்தது என்று கேட்கலாம். ஒன்றிய வார்டுகளுக்குக் கட்சிச் சின்னத்தில்தான் போட்டி, ஒன்றியத் தலைவரும் மறைமுகத் தேர்தல்தான், பேரமும் அதேதான். விடுமுறை நாளில் புளியஞ்சோலை ஆற்றங்கரையில் சேரும் பாட்டிலையும் பாலித்தீனையும் அகற்றுவது ஊராட்சியா, ஒன்றியமா, வனத்துறையா என்ற வழக்கைப் பதவிப் பங்கீடு தீர்க்காது. பொறுப்பைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைத்தால்தான் தீரும். 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் வந்தார்கள். திருச்சியும் நாமக்கலும் அதில் அடக்கம். அடுத்த ஒன்றியத் தேர்தலுக்குக் கூட்டணிக் கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வாசலில் நிற்கும்போது, எத்தனை இடம் வாங்கினீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த வேலையை எழுதி வாங்கினீர்கள் என்று கேளுங்கள்.