தரகருக்கு ஒரு பதிவெண்

இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பொருளையும், அது போதாமல் இன்னும் இருபது வருஷத்துக்குத் தவணை கட்டுவதாக வங்கிக்கு எழுதிக் கொடுத்து வாங்கிய கடனையும் ஒன்றாகத் திரட்டி, ஒரே நாளில் பிறர் கையில் ஒப்படைக்கும் காரியம், சாமானியக் குடும்பத்தின் வாழ்க்கையில் வீடோ மனையோ வாங்குவதைத் தவிர வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அந்தக் காரியத்தின் நடுவே நின்று, இரு தரப்பாரையும் சந்திக்க வைத்து, விலையைப் படிய வைத்து, சார்பதிவாளர் அலுவலகத்தின் வாசல் வரையில் அழைத்துச் செல்கிறவர் தரகர். கிரயப் பத்திரத்தை எழுதிக் கொடுப்பவருக்கு உரிமம் வேண்டும் என்று நெடுங்காலமாக விதித்திருந்த நம் மாநிலத்தில், அந்தக் கிரயத்தையே உண்டாக்குகிற தரகருக்கு மட்டும் சமீப காலம் வரையில் யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை என்பது, இப்போது நினைத்தாலும் மனத்தை உறுத்துகிற விஷயம்.

2016-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இந்தக் குறையைத் தீர்க்க முன்வந்தது. அதன் 9-ஆம் பிரிவு உள்ளிட்ட முக்கியமான பகுதிகள் 2017 மே 1-ஆம் தேதி அமலுக்கு வந்தன; அதே ஆண்டு ஜூன் மாதத்தில் தமிழ்நாடு தன் விதிகளை வெளியிட்டது. அதன்பின் எழும்பூரில் காந்தி இர்வின் பாலச் சாலையில் இயங்கும் ஒழுங்குமுறை ஆணையத்திடம் பதிவு பெறாத எவரும், ஆணையத்தில் பதிவாக வேண்டிய திட்டத்தைச் சேர்ந்த மனையையோ அடுக்குமாடி வீட்டையோ விற்றுக் கொடுக்கவும் வாங்கிக் கொடுக்கவும் கூடாது என்றாயிற்று.

பதிவு பெறும் வழி கடினமானதன்று. தம் பெயர், முகவரி, புகைப்படம், ஆதார், நிரந்தரக் கணக்கு எண், வருமான வரி விவரங்கள், தொழில் நடத்தும் இடத்துக்கான ஆதாரம் ஆகியவற்றை இணைத்து, தனி மனிதருக்கு ஒன்றும் நிறுவனத்துக்கு அதைவிடக் கூடுதலாக ஒன்றும் என விதித்துள்ள கட்டணத்தைச் செலுத்தி விண்ணப்பித்தால், ஆணையம் பரிசீலித்துப் பதிவெண் வழங்கும். நிராகரிப்பதானால் விண்ணப்பதாரரின் வாதத்தைக் கேட்ட பிறகே நிராகரிக்க வேண்டும். உரிய காலத்துக்குள் ஆணையம் எதுவும் சொல்லாமல் இருந்துவிட்டால் பதிவு கிடைத்துவிட்டதாகவே கருதப்படும். பதிவு ஐந்து வருஷம் செல்லும். மாநிலம் முழுவதற்கும் செல்லும். எல்லை தாண்டிக் கேரளத்திலோ கர்நாடகத்திலோ செல்லாது. இவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மேஜை, ஒரு கைபேசி எண், 'ராசியான மனைகள்' என்று ஒரு பலகை ஆகியவற்றோடு தொழிலை ஆரம்பித்து, லேஅவுட் விற்றுத் தீர்ந்த மறுமாதம் மேஜையையும் பலகையையும் எடுத்துக்கொண்டு மறைந்துபோன மனிதர்களைப் பார்த்த தலைமுறை நாம். தரகருக்கு நிலையான ஒரு முகவரியும், யாரும் சரிபார்க்கக்கூடிய ஓர் எண்ணும், கணக்குப் புத்தகம் வைக்கும் கடமையும் ஏற்பட்டிருப்பது சிறிய சீர்திருத்தமன்று. தாம் முடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு விற்பனையிலும் அவர் அந்த எண்ணைக் குறிப்பிட்டாக வேண்டும். பதிவாகாத திட்டத்தை அவர் விற்கக் கூடாது. இல்லாத அனுமதியை இருப்பதாகச் சொல்லக் கூடாது. முன்பதிவு செய்கிறவருக்குச் சேர வேண்டிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்க உதவ வேண்டும். மீறினால் நாள் ஒன்றுக்குப் பத்தாயிரம் ரூபாய் வீதம், சொத்தின் விலையில் ஐந்து சதவீதம் வரையில் அபராதம். விளைநிலத்தைக் கூறு போட்டு, மஞ்சள் கல் நட்டு, அங்கீகாரம் இல்லாமலே விற்ற மனைகளின் பதிவை 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடுத்தபோது, அவற்றை வாங்கி வைத்திருந்த எத்தனையோ குடும்பங்கள் திகைத்து நின்றன. வரன்முறைப்படுத்தும் விதிகள் அடுத்த ஆண்டு வந்து, 2016 அக்டோபர் 20 என்ற தேதியை எல்லையாக வைத்த பிறகே ஓரளவு மூச்சு விட்டன. அந்த மனைகளைக் கூவி விற்ற தரகர்களுக்கு அப்போது இத்தகைய ஒரு கடமை இருந்திருந்தால், அந்தத் திகைப்பில் ஒரு பகுதியாவது நேர்ந்திராது என்பது என் அபிப்பிராயம்.

ஆனால், பதிவெண் என்பது அந்த மனிதர் யார் என்று சொல்கிறதே தவிர, அவருக்கு என்ன தெரியும் என்று சொல்வதில்லை. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தரகரிடம் கல்வித் தகுதி எதையும் கேட்கவில்லை. பரீக்ஷை எதையும் வைக்கவில்லை. நம் மாநிலம் 2017-இல் வகுத்த விதிகளும் காகிதங்களைக் கேட்டனவே அன்றி, ஞானத்தைக் கேட்கவில்லை. இது எவ்வளவு பெரிய குறை என்பது பத்திரங்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்று காட்டிவிட்டால் சொத்து சுத்தமானது என்று சொல்கிற தரகர்கள் பலர்; பதிவான ஆவணங்களையே அந்தச் சான்று காட்டும் என்பதும், பதிவாகாத ஒப்பந்தமும் வீட்டுக்குள் புகைந்துகொண்டிருக்கும் பாகத் தகராறும் அதில் ஏறுவதில்லை என்பதும் அவர்களுக்கே தெளிவாகத் தெரிவதில்லை. பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவரே சொந்தக்காரர் என்பது இன்னொரு மயக்கம். பூர்விகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் செய்தது. 2005-இல் மத்திய அரசும் அவ்வாறே செய்தது. அதற்குப் பின்னும், அண்ணன் தம்பிகளின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, 'பெண்கள் எல்லாம் கல்யாணமாகிப் போய்விட்டார்கள், அவர்களால் தொந்தரவு வராது' என்று உறுதி சொல்லிக் கிரயம் முடித்து வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஏமாற்றுக்காரர்கள் அல்லர், அறியாதவர்கள். வாங்குகிறவருக்கோ, வஞ்சகத்தால் வந்த வழக்கும் அறியாமையால் வந்த வழக்கும் ஒரே நீதிமன்றத்தில், ஒரே அளவு வருஷங்கள் நடக்கின்றன.

மகாராஷ்டிர மாநிலத்தின் ஆணையம் இதை உணர்ந்து 2023-இல் ஒரு காரியம் செய்தது. இருபது மணி நேரப் பயிற்சியும், அதன் முடிவில் ஒரு தேர்வும், தேர்வில் வெற்றி பெற்றதற்கான சான்றும் இன்றி எவரும் தரகராகப் பதிவு பெற முடியாது என்று உத்தரவிட்டு, ஏற்கெனவே பதிவு பெற்றிருந்தவர்களையும் அந்தத் தேர்வை எழுத வைத்தது. இருபது மணி நேரம் போதுமா என்றால், போதாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 135 மணி நேரம் பாடம் படித்து, 150 கேள்விகள் கொண்ட தேர்வில் நூற்றுக்கு எழுபது பெற்றால்தான் விற்பனையாளர் உரிமம் கிடைக்கும். எனினும், தெரிந்திருக்க வேண்டியது என்று ஒன்று உண்டு என ஓர் ஆணையம் ஒப்புக்கொள்வதே பெரிய மாற்றம்.

இதற்கு மறுப்பாக ஒரு நியாயமான வாதம் உண்டு. அதை நான் மதிக்கிறேன். கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் தரகு என்பது படித்தவரின் தொழில் அன்று. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபடியே, எந்த வயல் எந்தப் பங்காளிக்குப் பாகத்தில் வந்தது, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை முறை தண்ணீர் உரிமை என்பதையெல்லாம் மூன்று தலைமுறைக்குச் சொல்லக்கூடிய பெரியவர், கொள்குறி வினாத்தாளின் முன் உட்கார்ந்தால் தோற்றுப் போகலாம். அவரைவிடப் பாதிகூட அறியாத இளைஞன் ஒருவன் மனப்பாடம் செய்து வெற்றி பெறலாம். உண்மைதான். ஆனால் அதற்குப் பரிகாரம் தேர்வே வேண்டாம் என்பதன்று. தமிழில், அந்தப் பெரியவருக்குத் தெரிந்த பட்டா, சிட்டா, அடங்கல், மூலப் பத்திரம் ஆகியவற்றைப் பற்றியே, வாய்மொழியாகவும் பதில் சொல்லக்கூடிய ஒரு தேர்வை அமைப்பதே. அத்தகைய தேர்வில் அவர் முதலிடம் பெறுவார் என்று நான் நம்புகிறேன்.

அறிவைவிடவும் ஆழமான கேள்வி ஒன்று இருக்கிறது: தரகர் யாருடைய ஆள்? சட்டம் தரகரை வரையறுக்கும்போது, ஒருவர் சார்பில் மற்றொருவரோடு பேசி விற்பனையை முடிக்கிறவர் என்றே முதலில் சொல்கிறது; 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் முகவர் என்பவர் தம்மை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர் என்றே கொள்கிறது. நம் சம்பிரதாயமோ வாங்குகிறவரிடம் இரண்டு சதவீதம், விற்கிறவரிடம் இரண்டு சதவீதம் என்று இரு கையாலும் கமிஷன் பெறுவது. விலை ஏறினால் தமக்கு லாபம் என்ற நிலையில் இருக்கும் ஒருவர், விலையைக் குறைத்துத் தருவதாகச் சொல்லி வாங்குகிறவரிடமும் கூலி பெறுகிறார். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அந்த ஸ்தானம் அவரை நல்லவராக இருக்க விடுவதில்லை. ஒரே கிரயத்தில் இருவருக்கும் ஊழியம் செய்யலாகாது என்ற தடை புதிய சட்டத்தின் கடமைப் பட்டியலில் இல்லை. 2010-இல் தன் சட்டத்தைச் செய்த சிங்கப்பூர் இதைத் தெளிவாகத் தடுத்துவிட்டது. அங்கே ஒரே பரிவர்த்தனையில் ஒருவர் இரு தரப்புக்கும் முகவராக இருக்க முடியாது. சொத்து விற்பனைக்கான பணத்தை அவர் கையால் தொடவும் கூடாது. இந்த இரண்டாவது விதியைப் படித்தபோது எனக்கு என் சிற்றப்பாவின் நினைவு வந்தது.

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு மனையை அவர் பார்த்தார். தனி மனிதர் ஒருவர் வாங்கிப் போட்டிருந்த மனை. அதைத் தரகர் காட்டினார். 'இன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், வேறு பார்ட்டி காத்திருக்கிறது' என்றார். சிற்றப்பா ஐம்பதாயிரம் ரூபாயைத் தரகர் கையில் கொடுத்து, டைரியிலிருந்து கிழித்த ஒரு தாளில் ரசீது வாங்கிக்கொண்டார். விற்பதற்குப் பவர் வாங்கியிருந்தவரின் அதிகாரத்தைச் சொந்தக்காரர் முன்பே ரத்து செய்திருந்தார் என்பது மூன்று வாரம் கழித்துத் தெரிந்தது. பணம் வரவே இல்லை. அந்தத் தாளைச் சித்தி பீரோவில் வெகுகாலம் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

அதே சம்பவம் இன்று நடந்தால் என்ன ஆகும் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். 9-ஆம் பிரிவு தரகரைக் கட்டுப்படுத்துவது ஆணையத்தில் பதிவாகும் திட்டங்களின் விற்பனையில்; 500 சதுர மீட்டர், எட்டு வீடுகள் என்று சட்டம் வைத்திருக்கும் அளவுகளைத் தாண்டாத சிறு திட்டங்களுக்குப் பதிவு வேண்டியதில்லை. தனி மனிதர் தனி மனிதருக்கு மறுவிற்பனை செய்யும் பழைய மனை, பாட்டன் கட்டிய வீடு, வயல், தோப்பு, வாடகைக்கு விடும் வீடு ஆகிய இவையெல்லாம், நம் ஊர்களில் தரகர்கள் அன்றாடம் நடத்தும் வியாபாரத்தின் பெரும்பகுதி, அந்த வளையத்துக்கு வெளியே நிற்கின்றன. சிற்றப்பாவுக்கு மனையைக் காட்டிய தரகர் இன்று பதிவெண் பெற்று, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தாலும், அந்த மனைக்கு அது தேவையே இல்லை. அதே டைரியிலிருந்து அதே போன்ற ஒரு தாளைக் கிழித்துக் கொடுக்க அவருக்கு இன்றும் எந்தத் தடையும் இல்லை.