பலகாரம் மட்டும் போதும்

கண்டனூரில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து, "சோறு வேண்டாம் ஆச்சி, பலகாரம் மட்டும் போதும்" என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. செட்டிநாட்டில் இடைப்பலகாரம் என்று தனியாகப் பெயர் வைத்தே கொண்டாடுகிறார்கள். அதையே முழு உணவாக்கிக்கொள்வதில் என்ன குறை?

முதலில் வெள்ளைப் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக நிற்கிற அளவுக்கு உளுந்து. இரண்டையும் சேர்த்து ஊறவைத்து, வெண்ணெய்போல அரைக்க வேண்டும். புளிக்கவிடக் கூடாது. காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி, ஒரு நேரத்தில் ஒன்றுதான். மேலெழும்பி உப்பியதும் திருப்பிப்போட்டு, சிவக்குமுன் எடுத்துவிட வேண்டும். அந்த வெண்மையில்தான் கைப்பக்குவம் தெரியும். தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி.

அதே மாவில் வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பல் தாளித்துக் கொட்டினால் மசாலா சீயம். எதுவும் சேர்க்காத வெறும் மாவைச் சுண்டைக்காய் அளவு உருட்டிப் பொரித்து, ஏலக்காய் மணக்கும் இனிப்புத் தேங்காய்ப்பாலில் போட்டால் பால் பணியாரம். ஒரே மாவு, மூன்று சுவை!

கனடாவின் கியூபெக்கில் 1950களில் பிறந்த பூட்டீனும் இந்த வகைதான்: பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பாலாடைக்கட்டித் துண்டுகள், சுடச்சுடக் குழம்பு. பொரித்ததை நனைத்துத் தின்னும் ஆசை அங்கேயும் இருக்கிறது. ஆனால் பூட்டீன் ஊறினால் தொளதொளத்துவிடும். பால் பணியாரம் ஊற ஊறத்தான் ருசி. உள்ளே பஞ்சாகி, கடித்ததும் பால் கசியும்.

எனக்கு இரண்டாவது கிண்ணமும் வேண்டும்.