அந்தக் கடிதம் யாருக்காக ஒட்டப்பட்டது?

"பயத்துக்கு ஜாதி கிடையாது தோழர். முதலாளிக்கு முன்னாடி கறுப்பென்ன, வெள்ளையென்ன, எல்லாரும் கூலிதான்." ஒரு தொழிற்சங்க ஆபீசில் 'நார்மா ரே' படம் போட்டு முடித்ததும் சங்கச் செயலாளர் சொன்ன முடிவுரை இது. கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பழக்கதோஷம்.

பின்வரிசையில் ஒரு பெரியவர். மில்லில் முப்பது வருஷம் பஞ்சு அள்ளி, தரை கூட்டி ரிடையரானவர். கையைத் தூக்கினார். "எல்லாம் சரிங்க. கடிதாசி ஒட்டுனதும் ஒரு கறுப்பு ஆளப் போட்டு அடிச்சானுங்களே, அந்த ஆளு அப்புறம் என்ன ஆனாரு?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. படம் பார்த்தது நாற்பது பேர். ஒருத்தருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை, எனக்கும்தான். அந்த வெட்கத்தில் எழுதுகிறேன் இதை.

மார்ட்டின் ரிட் இயக்கி 1979இல் வந்த படம். தொழிற்சங்கம் பற்றி ஹாலிவுட் எடுத்த படங்களில் இதைத்தான் நம் தோழர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கொண்டாடவும் வேண்டும்தான். அமெரிக்காவின் தெற்கே ஒரு மில் ஊர். நார்மா ரே அங்கே வேலை பார்க்கிற வெள்ளைக்காரப் பெண். தறிச்சத்தத்தில் அம்மாவுக்குக் காது அடைத்துப் போகிறது. அப்பாவுக்குக் கை மரத்துப்போகிறது. கொஞ்சம் ஓய்வு கேட்டால், இடைவேளை வரட்டும் என்கிறான் மேலாள். இடைவேளைக்கு முன்னால் ஆள் விழுந்து செத்துப்போகிறார். இந்த இடத்தில் படம் ஒப்பாரி வைக்கவில்லை. மில்லும் நிற்கவில்லை. இதை எடுக்கத் தெரிந்த இயக்குநருக்கு மில் தெரியும்.

நியூயார்க்கிலிருந்து சங்கம் கட்ட ஒருவர் வருகிறார். வாயாடியான நார்மாவை அடக்க கம்பெனி முதலில் கையாளுவது மிரட்டலை அல்ல, பதவி உயர்வை. கூட வேலை செய்கிறவர்களின் வேகத்தை அளக்கிற வேலை. கூட்டாளிகள் முகம் கொடுத்துப் பேச மறுக்கிறார்கள். அவள் அதை உதறுகிறாள். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து உட்கார்ந்து சங்கம் பேச சர்ச்சில் இடம் கேட்கிறாள். பாதிரியார் மறுக்கிறார். ஆக, மிரட்டல் என்றால் தடியும் துப்பாக்கியும் மட்டுமில்லை. சலுகையும் ஜெபமும்கூட அதில் சேர்த்தி என்பது இந்தப் பிரதிக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம்தான் அந்தக் கடிதம் வருகிறது. சங்கம் வந்தால் கறுப்பர்கள்தான் அதை ஆளுவார்கள், ஜாக்கிரதை என்று வெள்ளைத் தொழிலாளிகளுக்குச் சொல்லும் கடிதம். கம்பெனி நோட்டீஸ் பலகையிலேயே ஒட்டுகிறார்கள். அதன் சூட்டில் ஒரு கறுப்புத் தொழிலாளி அடிபடுகிறார். கடிதத்தை வரிக்கு வரி எழுதி எடுக்கிறாள் நார்மா. வேலையைவிட்டுத் துரத்துகிறார்கள். அவள் மேசைமேல் ஏறி 'யூனியன்' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறாள். ஒவ்வொரு தறியாக நிற்கிறது. உலகம் முழுக்கத் தெரிந்த காட்சி அதுதான். அடிபட்டவரின் கதை தொடரவில்லை.

இது கற்பனைக் கடிதம் இல்லை. நார்த் கரோலினா மாநிலத்தில் ரோனோக் ராப்பிட்ஸ் என்ற ஊர். ஜே.பி. ஸ்டீவன்ஸ் கம்பெனியின் ஆலைகள். துண்டு மடிக்கிற வேலையில் இருந்த கிறிஸ்டல் லீ சட்டன் 1973இல் இப்படி ஒரு கடிதத்தை எழுதி எடுத்ததற்காகத்தான் வேலை இழந்தார். மேசைமேல் ஏறி அட்டை பிடித்ததும் உண்மை. 1974 ஆகஸ்டில் தேர்தல் நடந்தது. சங்கம் வேண்டும் என்று 1,685 ஓட்டு, வேண்டாம் என்று 1,448.

கேட்க வேண்டியது இதுதான். கம்பெனிக்கு மிரட்ட எத்தனையோ வழி இருக்க, ஏன் இந்தக் கடிதம்? கூலியைக் குறைப்பேன் என்று எழுதவில்லை. கறுப்பன் தலைவனாவான் என்று எழுதினார்கள். கூலி குறைவதைவிட அது பெரிய பயம் என்று அவர்களுக்குத் தெரியும். அந்தப் பயத்தைக் கம்பெனி புதிதாக உற்பத்தி செய்யவில்லை. வெள்ளைத் தொழிலாளி வீட்டில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துப் பலகையில் ஒட்டியது, அவ்வளவுதான்.

1964இல் சிவில் உரிமைச் சட்டம் வரும்வரை தெற்கத்தி மில்களில் கறுப்பர்களுக்கு நூற்கும் இயந்திரமும் தறியும் அநேகமாகக் கிடையாது. பேல் பிரிப்பது, மூட்டை தூக்குவது, முற்றம் கூட்டுவது, இவைதான் அவர்களுக்கு. சட்டம் வந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள்தான் சங்கத்துக்கு உறுதியான பலமானார்கள். 1970லேயே, கிறிஸ்டல் லீ மேசை ஏறுவதற்கு மூன்று வருஷம் முன்னால், அதே ஊரில் அதே கம்பெனிமீது கறுப்புத் தொழிலாளர்கள் இனப்பாகுபாட்டு வழக்குத் தொடுத்தார்கள். ஸ்லெட்ஜ் வழக்கு என்று அதற்குப் பெயர். கம்பெனி பாகுபாடு காட்டியது உண்மை என்று நீதிமன்றமே சொன்னது. தன் பெயரைப் போட்டு, கையெழுத்துப் போட்டு, முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்களுக்கு மறுநாள் காலை மில் வாசல் எப்படி இருந்திருக்கும்? அதைப் படமாக எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளைக்காரி மேசை ஏறினால்தான் காட்சி, கறுப்பன் கோர்ட்டு படி ஏறினால் அது வெறும் ஃபைல்.

தறிக்கூடம் என்றதும் நமக்கு பம்பாய் ஞாபகம் வர வேண்டும். பம்பாய் மில்களில் தீண்டப்படாதவர்களுக்கு நெசவுப் பிரிவு மறுக்கப்பட்டிருந்தது. நூல் அறுந்தால் ஓடத்திலே வாய் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும், எச்சில் தீட்டாகிவிடும். கூலி அதிகம் உள்ள பிரிவு அது. 1928 வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதைத்தான் எடுத்து வைத்தார். மறுத்தது முதலாளி மட்டுமில்லை, சாதி இந்துத் தொழிலாளியும்தான். 1938இல் மன்மாடில் ரயில்வேயில் வேலை செய்த தலித் தொழிலாளர்களிடம் பேசும்போது, உங்களுக்கு எதிரி இரண்டு, ஒன்று பார்ப்பனியம், இன்னொன்று முதலாளித்துவம் என்றார். கரோலினாவின் தறிக்கூடத்துக்கும் பம்பாயின் தறிக்கூடத்துக்கும் பூட்டு ஒரே மாதிரிதான் இருந்திருக்கிறது. சாவி முதலாளியிடம் மட்டும் இல்லை.

சென்னைக்கும் வரலாம். 1921 பி அண்டு சி மில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளிகளைத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டது நிர்வாகம். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச்சூடு நடந்தது. சங்க வரலாற்றில் நமக்கு மிஞ்சிய பெயர் 'கருங்காலி'. அவர்கள் ஏன் சங்கத்தை நம்பவில்லை என்று கேட்காமல், ஏன் வேலைக்குப் போனார்கள் என்று மட்டும் கேட்டால் அது நிர்வாகம் எழுதின வரலாற்றின் மறுபக்கம், வேறொன்றுமில்லை.

மிரட்டலுக்கு ஒரு இலக்கணம் உண்டு. சங்கத் தேர்தலை நடத்துகிற அமெரிக்கச் சட்டம் 1935இல் வந்தது. வரும்போதே விவசாயத் தொழிலாளிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் வெளியே நிறுத்தியது. தெற்கில் அந்த வேலைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருந்தவர்களை மிரட்டக்கூடாது என்று விதி இருக்கிறது. சங்கத்துக்காரர்கள் அதை நான்காக மனப்பாடம் செய்கிறார்கள்: மிரட்டாதே, விசாரிக்காதே, ஆசை காட்டாதே, வேவு பார்க்காதே. ஆனால் 'முன்கூட்டிச் சொல்வது' தப்பில்லை என்று 1969இல் அங்கே உச்சநீதிமன்றம் கோடு கிழித்தது, ஆதாரம் இருந்தால் போதும். 'சங்கம் வந்தால் மூடிவிடுவேன்' என்பது குற்றம். 'போட்டி கடுமையானால் சில ஆலைகள் மூட நேர்ந்திருக்கிறது' என்பது தகவல். ஒரு விகுதியில் சட்டம் தப்பித்துக்கொள்கிறது.

இந்த இலக்கணத்தை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். "நல்லதுக்குச் சொல்றேன்." "புள்ளகுட்டிய நெனச்சுப் பாத்துக்க." "உம் மவன் டவுனுக்குப் படிக்கப் போறானாமே?" பண்ணையார் கேட்ட இந்தக் கடைசிக் கேள்வியில் எந்த வார்த்தை மிரட்டல்? போலீஸ் ஸ்டேஷனில் போய் எதை எழுதிக் கொடுப்பது? கேட்டவனுக்கும் தெரியும், கேட்கப்பட்டவனுக்கும் தெரியும். எழுத்துக்கு மட்டும் தெரியாது. இலக்கியத்துக்கு இங்கேதான் வேலை இருக்கிறது. சட்டம் கேட்க முடியாத தொனியைக் கேட்க வைப்பது. 'நார்மா ரே' வெள்ளைத் தொழிலாளி காதுக்கு விழுந்த தொனியைத் துல்லியமாகப் பிடித்திருக்கிறது. அதே கடிதத்தைக் கறுப்புத் தொழிலாளி படிக்கும்போது அவன் வயிற்றில் என்ன நடந்தது என்பதைப் பிடிக்கவில்லை. வெள்ளையனுக்கு அது எச்சரிக்கை. கறுப்பனுக்கு அது அடிக்கக் கொடுத்த அனுமதிச்சீட்டு. ஒரே காகிதம், இரண்டு பயம். செயலாளர் தோழரோடு நான் முரண்படுகிற இடம் இதுதான்.

பிறகு வந்த படங்கள் கொஞ்சம் தாண்டியிருக்கின்றன. 2019இல் வந்த 'அமெரிக்கன் ஃபேக்டரி' ஆவணப்படம். ஒஹையோவில் 2008இல் மூடின ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் சீனக் கண்ணாடிக் கம்பெனி வருகிறது. மணிக்கு 29 டாலருக்கு மேல் வாங்கின கறுப்புப் பெண் தொழிலாளி இப்போது 12.84 டாலர் என்கிறார். சங்கத் தேர்தல் வருகிறது. ஆட்களை அறையில் உட்காரவைத்துப் 'பாடம்' எடுக்க, பத்து லட்சம் டாலருக்குமேல் செலவழித்து ஆலோசகர்களைக் கொண்டுவருகிறது நிர்வாகம். 2017 நவம்பரில் 868க்கு 444 என்று சங்கம் தோற்கிறது. அந்தக் குரலைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்து கேட்க வைக்கிறது படம். கத்தவே இல்லை அந்த ஆள். வகுப்பெடுக்கிறான். இப்படி வேலை நேரத்தில் கட்டாயமாக உட்காரவைப்பது 1948இலிருந்து அனுமதிக்கப்பட்டிருந்தது. தொழிலாளர் வாரியம் அதைத் தப்பென்று சொன்னது 2024 நவம்பரில். 76 வருஷம்.

அதே 2024இல் வந்த 'யூனியன்', நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் அமேசான் கிடங்குத் தொழிலாளிகள் சங்கம் கட்டின கதை. கிறிஸ் ஸ்மால்ஸ் என்ற கறுப்புத் தொழிலாளி, கொரோனா நேரத்தில் பாதுகாப்பு கேட்டு வெளிநடப்பு செய்தபோது 2020இல் வேலை போனவர். கம்பெனியின் மேல்மட்ட வழக்கறிஞர் எழுதின குறிப்பு வெளியே கசிந்தது. இவனுக்கு அறிவும் கிடையாது, கோர்வையாகப் பேசவும் வராது, இவனையே இந்த இயக்கத்தின் முகமாகக் காட்டுங்கள் என்பது அதன் சாரம். ரோனோக் ராப்பிட்ஸ் கடிதத்தின் பேரப்பிள்ளை இது. கறுப்பன் தலைவனாவான் என்று பயமுறுத்தினார்கள் அன்றைக்கு. கறுப்பனைத் தலைவனாகக் காட்டு, அதுவே போதும் என்று நம்பினார்கள் இன்றைக்கு. 2022 ஏப்ரலில் 2,654க்கு 2,131 என்று தொழிலாளர்கள் ஜெயித்தார்கள். கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வர மறுத்தது. படத்தை எந்தப் பெரிய விநியோகக் கம்பெனியும் வாங்கவில்லை, எடுத்தவர்களே வெளியிட்டுக்கொண்டார்கள். படம் சங்கத்துக்குள்ளே நடந்த சண்டைகளையும் மறைக்கவில்லை. நம்ம ஆளென்று பூசி மெழுகாமல் காட்டியதால்தான் அதை நம்ப முடிகிறது.

'நார்மா ரே' எங்கே முடிகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஓட்டு எண்ணி, சங்கம் ஜெயித்து, கைகுலுக்கி முடிகிறது. 1980 ஏப்ரலில் சாலி ஃபீல்டு ஆஸ்கர் வாங்கினார். அன்றைக்கு ரோனோக் ராப்பிட்ஸ் தொழிலாளிகளுக்கு ஒப்பந்தம் இல்லை. தேர்தலில் ஜெயித்து ஆறு வருஷம் கழித்து, நாடு முழுக்கப் பொருட்களைப் புறக்கணிக்கும் போராட்டம் நடத்திய பிறகு, 1980 அக்டோபரில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. படத்துக்கு வெற்றி சீக்கிரம் கிடைத்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அந்தப் பெரியவரோடு டீக்கடை வரை நடந்தேன். தன் மில்லில் சங்கச் செயற்குழுவுக்கு ஒருமுறை நின்றாராம். நிர்வாகம் ஒன்றும் செய்யவில்லை. "நமக்குக் கடிதாசியெல்லாம் ஒட்ட வேண்டியதில்ல தம்பி. நம்ம சங்கத்து ஆளே டீக்கடையில சொன்னான், இவன் வந்தா நாளைக்கு நம்ம வீட்டு விசேஷத்துக்கும் கூப்பிட வேண்டியிருக்கும்லன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான். மறுநாள் எம் பொண்டாட்டி, வேணாங்க, நமக்கெதுக்குன்னா. வாபஸ் வாங்கிட்டேன்." அந்த வருஷத்து மினிட்ஸ் புத்தகத்தில் 'போட்டியின்றித் தேர்வு' என்று எழுதியிருக்கிறதாம்.

இப்படி வாபஸ் வாங்கின பெயர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. மில்லில், துப்புரவுப் பணியில், பஸ் டெப்போவில். யார் என்ன சொன்னார்கள், எந்தத் தொனியில் சொன்னார்கள், வீட்டில் அன்று ராத்திரி என்ன பேசினீர்கள் என்று எழுதுங்கள். பிழையோடு எழுதினாலும் பரவாயில்லை. மினிட்ஸ் புத்தகத்தில் இல்லாததைத்தான் நாம் படிக்க வேண்டியிருக்கிறது.