கையெழுத்தும் முழங்காலும்

2014இல் அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகக் கால்பந்து அணியிலிருந்து டாட் கர்லி என்ற மாணவர் நான்கு ஆட்டங்களுக்கு விலக்கி வைக்கப்பட்டார். அவர்களுடைய கால்பந்து, தோளும் தலையும் மோதிக்கொள்ளும் ஆட்டம். கர்லி செய்த குற்றம், பொருட்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்து இரண்டு வருஷத்தில் 3,000 டாலருக்குச் சற்று மேல் வாங்கியது. அதில் ஒரு பகுதியைத் தர்மத்துக்குக் கொடுக்க வேண்டும், 40 மணி நேரம் சமூக சேவை செய்ய வேண்டும் என்றும் விதித்தார்கள். தண்டனை முடிந்து நவம்பரில் திரும்பி வந்த முதல் ஆட்டத்திலேயே அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தது. கையெழுத்துக்குக் கூலி வாங்கினால் ஒழுக்கக்கேடு, முழங்காலை இனாமாகக் கொடுத்தால் விளையாட்டுணர்வு. இந்தக் கணக்கை எழுதி வைத்திருந்தது என்.சி.ஏ.ஏ. என்ற தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

இதை வெறும் பாசாங்கு என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். பாசாங்குக்கும் ஒரு கருத்தியல் இருக்கிறது, அதற்கு வரலாறும் இருக்கிறது. 'அமெச்சூர்' என்ற சொல் காசை வெறுத்தவர்கள் கண்டுபிடித்ததல்ல, காசு ஏற்கெனவே கையில் இருந்தவர்கள் கண்டுபிடித்தது. 1879இல் இங்கிலாந்தின் ஹென்லி படகுப் போட்டி யார் அமெச்சூர் என்று வரையறுத்தபோது மெக்கானிக், கைவினைஞர், கூலித்தொழிலாளி எல்லோரையும் வெளியே தள்ளியது. துடுப்புப் போட்டுக் காசு வாங்கினானா என்பது மட்டுமல்ல கேள்வி, உடம்பால் உழைத்துப் பிழைப்பவனா என்பதும்தான். கிரிக்கெட்டில் இது பெயரிலேயே எழுதப்பட்டது. ஸ்கோர் அட்டையில் கனவான்களுக்கு இனிஷியல் பெயருக்கு முன்னால், சம்பளத்துக்கு ஆடுபவர்களுக்குப் பின்னால். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் டிட்மஸ் என்ற தொழில்முறை ஆட்டக்காரரின் இனிஷியல் தவறுதலாக முன்னால் அச்சாகிவிட, ஒலிபெருக்கியில் திருத்தம் வாசித்தார்கள். இந்தப் பாகுபாட்டை அவர்கள் கைவிட 1962 வரை ஆயிற்று. இரண்டு எழுத்து எந்தப் பக்கம் நிற்கிறது என்பதில் ஒரு வர்க்கமே நின்றது.

அமெரிக்காவுக்குப் போனதும் வர்க்கத்தோடு நிறமும் இனமும் சேர்ந்துகொண்டன. பூர்வகுடியைச் சேர்ந்த ஜிம் தோர்ப் 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வென்றார். முன்பு சில்லறைக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருக்கிறார் என்று அடுத்த வருஷமே அவற்றைப் பிடுங்கினார்கள். அவர் மட்டுமே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி ஒப்புக்கொண்டது 2022இல். அந்த மனுஷர் செத்தே 69 வருஷம் ஆகியிருந்தது.

என்.சி.ஏ.ஏ. செய்த புதுமை ஒரு சொல். 1951இலிருந்து 1987 வரை அதன் நிர்வாகத் தலைவராக இருந்த வால்டர் பயர்ஸ், ஓய்வு பெற்றபின் 1995இல் எழுதிய புத்தகத்தில், 'ஸ்டூடண்ட் அத்லெட்' என்ற சொற்சேர்க்கையைத் தாங்கள் எதற்காகச் செய்தோம் என்பதை மறைக்காமல் எழுதினார். விளையாடுகிறவனைத் தொழிலாளி என்று எந்த நீதிமன்றமும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். அச்சம் வீணல்ல. 1955இல் கொலராடோவில் ஒரு கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் அடிபட்டு இறந்தார். அவர் மனைவி தொழிலாளர் நஷ்டஈடு கேட்டார். 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் முடியாது என்றது, கல்லூரி கால்பந்து வியாபாரத்தில் இல்லையாம். அல்தூசர் சொல்லும் விளிப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. 'மாணவா' என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தவன் மாணவனானான், கூலி கேட்கும் வாய் அவனுக்கு இல்லாமல் போனது.

இதே காலத்தில் இன்னொரு கோர்ட்டில் வேறொரு வழக்கு நடந்தது. பபிள்கம் வழக்கு. பேஸ்பால் வீரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சூயிங்கத்தோடு விற்ற இரண்டு கம்பெனிகள், பௌமன் அட்டைகளின் ஹேலன் நிறுவனமும் டாப்ஸும், ஒரே வீரர்களின் படங்களுக்காக அடித்துக்கொண்டன. 1953இல் நீதிபதி ஜெரோம் ஃபிராங்க் எழுதிய தீர்ப்பில்தான் ஒருவருக்குத் தன் முகத்தின் விளம்பர மதிப்பில் உரிமை உண்டு, அதைச் சொத்துபோல் எழுதிக் கொடுக்கலாம் என்பது அமெரிக்கச் சட்டத்தில் தனி உரிமையாகப் பெயர் பெற்றது. ஆக, 1953இல் முகம் சொத்தாகிவிட்டது, 1957இல் உடம்பு உழைப்பாக முடியாது என்றாகிவிட்டது. நாலு வருஷ இடைவெளியில் வந்த இந்த இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் அப்புறம் நடந்தவை விளங்கும்.

கல்லூரி ஆட்டக்காரருக்கு அந்த முகமும் சொந்தமில்லை. 2013 ஆகஸ்டில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியின் ஜானி மேன்ஸல் கையெழுத்துகளுக்குக் காசு வாங்கினாரா என்று விசாரணை நடந்தது. காசு வாங்கியதற்கு ஆதாரமில்லை என்றார்கள். ஆனாலும் தன் கையெழுத்தை மற்றவர்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்துவதை அவர் தடுக்கவில்லை என்று அரை ஆட்டம் உட்கார வைத்தார்கள். (வாங்கினேன் என்று பிற்பாடு அவரே சொன்னார், அது வேறு கதை.) அதே மாதம் முன்னாள் ஆட்டக்காரரும் விமர்சகருமான ஜே பிலாஸ் ஒரு காரியம் செய்தார். என்.சி.ஏ.ஏ.வின் இணையக் கடையில் மேன்ஸலின் பெயரைத் தட்டிப் பார்த்தார். பெயர் இல்லாத, அவருடைய 2ஆம் எண் போட்ட சட்டைகள் வரிசையாக வந்து நின்றன. சட்டையில் பெயர் இல்லை, தேடுபொறிக்குள் பெயர் இருந்தது! சங்கம் அவசர அவசரமாக அந்த வியாபாரத்தைக் கைவிட்டது.

கையெழுத்து என்பதே ஒரு விசித்திரப் பிரதி. எழுதியவர் இங்கே இருந்தார் என்பதற்கு அது சாட்சி. ஆனால் திரும்பத் திரும்பப் போட முடியாவிட்டால் அது கையெழுத்தே அல்ல. தெரிதா இதைச் சுற்றிச் சுற்றி எழுதினார், அட்டைக் கம்பெனிகள் நேராகக் காசாக்கின. 1990இல் அப்பர் டெக் நிறுவனம் ரெஜி ஜாக்சன் கையெழுத்திட்ட 2,500 அட்டைகளைப் பாக்கெட்டுகளுக்குள் கலந்து விட்டது, லாட்டரிச் சீட்டு மாதிரி. இப்போதெல்லாம் பல சமயம் வீரர் அட்டையைத் தொடுவதுகூட இல்லை. ஒட்டுத்தாள்களை அடுக்காக அனுப்புவார்கள், அவர் நூற்றுக்கணக்கில் போட்டுத் தள்ளுவார், பிறகு யாரோ அட்டையில் ஒட்டுவார்கள். சேகரிப்பாளர்களுக்கும் இது தெரியும். நேராக அட்டையில் போட்டதற்கு மவுசு அதிகம். கை பட்ட இடத்துக்கு ஒரு விலை, கையின் நகலுக்கு இன்னொரு விலை.

2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயர், படம், கையெழுத்தை விற்கலாம் என்றானது. அட்டைக் கம்பெனிகள் அன்றிலிருந்தே தயார். 1956இல் பௌமனை விழுங்கிய டாப்ஸ், அதே பெயரில் பௌமன் யுனிவர்சிட்டி என்று கல்லூரி அட்டைகளை வெளியிடத் தொடங்கியது. விடுதலை வந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். நம் நண்பர்கள் சிலரும் அப்படித்தான் பேசுகிறார்கள். கர்லிக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேராது என்பதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கிடைத்தது என்ன? 1953இன் உரிமை கிடைத்தது, 1957இல் மறுத்தது அப்படியே இருந்தது. ஆட்டக்காரர் சொத்துக்காரராக அங்கீகரிக்கப்பட்டார், தொழிலாளியாக அல்ல. நீ ஒரு சிறு கம்பெனி, உன் கையெழுத்து உன் சரக்கு, போய் விற்றுக்கொள் என்பதே இதன் பேச்சு.

சரக்காகாத பெயர்கள் என்ன ஆகும்? கர்லி ஓடுவதற்கு வழி திறக்கிறார்களே முன்வரிசைத் தடுப்பாளர்கள், அவர்களுடைய கையெழுத்தை யார் தேடுகிறார்கள்? ஒவ்வொரு முறையும் தலை மோதுவது அவர்களுக்குத்தான். பெயர் விற்கும் இடத்திலும் கணக்கு நேரில்லை. கெய்ட்லின் கிளார்க் அயோவா கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தபோதே, 2024 தொடக்கத்தில் அவர் கையெழுத்திட்ட ஒரே ஒரு பிரதி அட்டை 78,000 டாலருக்கு ஏலம் போனது. அந்த வருஷம் தொழில்முறைக் கூடைப்பந்துக்குப் போன அவருடைய முதல் ஆண்டுச் சம்பளம் 76,535 டாலர். ஏலக் காசு அவருக்குப் போகவில்லை, அட்டையை வைத்திருந்தவருக்குப் போனது. அவர் உழைப்புக்குப் போட்ட விலை, அவர் கையெழுத்துள்ள காகிதத்தின் விலையைவிடக் குறைவு.

உழைப்பு என்ற சொல்லைச் சொல்லிப் பார்த்தவர்களும் உண்டு. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் கால்பந்து மாணவர்கள் கெய்ன் கோல்ட்டர் தலைமையில் சங்கம் அமைக்க மனுக் கொடுத்தார்கள். 2014 மார்ச்சில் தேசியத் தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி அவர்கள் ஊழியர்களே என்றார். வாக்குப்பதிவும் நடந்தது. 2015 ஆகஸ்டில் மேல் வாரியம், இந்த விஷயத்தில் தலையிட விரும்பவில்லை என்று மனுவைத் தள்ளியது. போட்ட வாக்குகள் எண்ணப்படவே இல்லை. 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கன் ஒப்புதல் அளித்த ஹவுஸ் வழக்குச் சமரசத்தில் பழைய ஆட்டக்காரர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் பத்து வருஷத்தில் தரப்படும். முதல் ஆண்டில் ஒவ்வொரு கல்லூரியும் சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை மாணவர்களுக்கு நேரடியாகப் பங்கு தரலாம். தொகை பெரிசு. ஆனால் ஊழியரா என்ற கேள்வியை அந்தச் சமரசம் தீர்க்கவில்லை. பங்கு உண்டு, கூலி இல்லை. உச்சவரம்பை நிர்ணயிக்கும் மேஜையில் உட்கார அவர்களுக்கென்று ஒரு சங்கமும் இல்லை. நார்த்வெஸ்டர்ன் மாணவர்கள் காசுக்கு முன்னால் கேட்டவற்றில் ஒன்று, ஆட்டத்தில் பட்ட காயத்துக்கு ஆட்டம் முடிந்த பிறகும் வைத்தியம்.