உறங்கக் கற்ற வீரன்: ஜின் யோங் புதினத்தில் தாவோ நெறிப் பயிற்சி

முன்னுரை

இளைஞன் ஒருவன் மலையேறிச் சென்று துறவியிடம் போர்க்கலை பயில்வது சீன வீரப் புதினங்களில் பலகாலும் பயின்று வரும் நிகழ்ச்சியாகும். ஜின் யோங் (1924-2018) எழுதிய, 'கழுகெய்த வீரர் வரலாறு' எனத் தமிழில் பெயர்க்கத்தக்க புதினத்திலும் இந்நிகழ்ச்சி இடம்பெறுகிறது. எனினும், இதில் மலையேறும் இளைஞன் கற்றுக்கொள்வது வாள்வீச்சும் அன்று; குத்துமுறையும் அன்று. மூச்சுவிடவும் அமரவும் நடக்கவும் உறங்கவும் கற்றுக்கொள்கிறான். இக்கட்டுரை அந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, தாவோ நெறியின் அகப்பயிற்சி ஒரு போர்வீரனின் கதைக்குள் புகும்போது என்னவாகிறது என்பதை ஆராய முற்படுகிறது.

இப்புதினம் 1957 முதல் 1959 வரை ஹாங்காங் நாளிதழ் ஒன்றில் தொடராக வெளிவந்தது. 1983-இல் ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் இக்கதையைப் படிக்காதவர் இல்லங்களுக்கும் கொண்டு சேர்த்தது. இந்நூலாசிரியர் சிங்கப்பூரில் 1967-இல் தொடங்கப்பெற்ற 'சின் மின்' நாளிதழின் நிறுவனர் இருவருள் ஒருவர் ஆவார். ஆகவே, நம் அண்டை வீட்டார் பலருக்கு நன்கு அறிமுகமான கதைமாந்தனைப் பற்றியே நாம் இங்குப் பேசுகிறோம்.

மலையுச்சியில் நிகழ்வது

கதைத் தலைவன் குவோ ஜிங் தந்தையை இழந்தவன்; மங்கோலியப் புல்வெளியில் தாயால் வளர்க்கப்பட்டவன். அவன் பிறப்பதற்கு முன்பே அவன்மீது ஒரு பந்தயம் சுமத்தப்பட்டுவிடுகிறது. சியூ சூஜி என்னும் தாவோ துறவிக்கும், 'ஜியாங்நான் எழுவர்' எனப்படும் வீரர் குழுவினருக்கும் இடையே மூண்ட பூசல் ஓர் உடன்பாட்டில் முடிகிறது. நண்பர் இருவரின் பிள்ளைகளுள் ஒருவனைத் துறவியும் மற்றவனை எழுவரும் பயிற்றுவிக்க வேண்டும். பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் அவ்விருவரும் பொருத வேண்டும் என்பதே அது. எழுவருள் ஒருவர் மாண்டுபோக, எஞ்சிய அறுவரும் குவோ ஜிங்குக்குத் தத்தம் கலையைக் கற்பிக்கின்றனர். சிறுவனோ மந்த புத்தியினன். ஆறு ஆசிரியர்களின் அவசரமும் கடிதலும் அவனை மேலும் குழப்புகின்றன.

இந்நிலையில், சியூ சூஜியின் மூத்த துறவுச் சகோதரரான மா யூ புல்வெளிக்கு வருகிறார். நள்ளிரவில் தனியே செங்குத்துப் பாறையின் மேல் ஏறி வருமாறு அவனிடம் கூறுகிறார். ஏற இயலாமல் இடையில் தவிப்பவனைக் கயிறு வீசி மேலே இழுத்துக்கொள்கிறார். தாம் அவனுக்கு ஆசிரியர் அல்லர் என்றும், இதனை எவரிடமும் சொல்லலாகாது என்றும் தெளிவுபடுத்துகிறார். பின்னர், மனத்தை வெறுமையாக்கி மூச்சைச் சீராக்கி உறங்கும் முறையைக் கற்பிக்கிறார். ஏறத்தாழ ஈராண்டுக் காலம் குவோ ஜிங் இரவுதோறும் ஏறி, உறங்கி, இறங்குகிறான். அவனது உடல் இலகுவாகிறது, பாறை எளிதாகிறது. தான் கற்பது உள்ளாற்றல் பயிற்சி என்பதை அவன் அறியவே இல்லை.

வரலாறும் புனைவும்

மா யூவும் சியூ சூஜியும் கற்பனை மாந்தர் அல்லர். வாங் சோங்யாங் (1113-1170) நிறுவிய சுவான்ஜென் என்னும் 'முழுமெய்' நெறியின் புகழ்பெற்ற எழுவர் சீடருள் அவர்கள் இருவர். மா யூ (1123-1183) பெருஞ்செல்வத்தைத் துறந்து வந்தவர். தூய்மை, அமைதி, செயலற்றிருத்தல் ஆகியவற்றையே தம் போதனையின் மையமாகக் கொண்டவர். சியூ சூஜி (1148-1227) செங்கிஸ்கானின் அழைப்பை ஏற்று நெடுந்தொலைவு பயணம் செய்து 1222-இல் அவனைச் சந்தித்தவர். சாவா மருந்து கேட்ட பேரரசனிடம், உயிரைப் பேணும் வழிகள் உண்டு. சாவை நீக்கும் மருந்து இல்லை என்று துணிந்து கூறியவர்.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, கதையின் காலக் கணக்கின்படி மா யூ அப்பாறையில் அமரும்போது, வரலாற்று மா யூ மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். இதனைக் கவனக்குறைவு என ஒதுக்குவதற்கில்லை என்பது நம் கருத்து. உயிரோடிருந்த சியூ சூஜியைக் கதை ஏற்கெனவே சினமும் போட்டியுணர்வும் உடையவராகப் படைத்துவிட்டது. அவரது பந்தயத்தின் கூர்மையை மழுக்க, அமைதிக்குப் பெயர்பெற்ற ஒருவர் தேவைப்பட்டார். கதையின் அத்தேவைக்குக் காலக் கணக்கு வழிவிட்டது எனலாம்.

இரண்டாவது, வரலாற்றுச் சுவான்ஜென் நெறி துறவையும் அகரசவாதத்தையும் போற்றியதேயன்றிப் போர்க்கலைப் பள்ளியாக விளங்கியதன்று. மூச்சுப் பயிற்சியும் போர்க்கலையும் ஒன்றாக இணைவதைப் பிற்காலத்தில்தான் தெளிவாகக் காண்கிறோம். ஹுவாங் ஜொங்ஸி 1669-இல் எழுதிய கல்லறை வாசகம் ஒன்று, ஷாவ்லின் மரபைப் புறக்கலை என்றும், வூடாங் மலைத் தாவோ துறவி ஜாங் சான்ஃபெங்கின் வழிவந்ததைச் அகக்கலை என்றும் பிரித்துரைத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுன் லூதாங் போன்றோர் 1915 முதல் வெளியிட்ட நூல்கள், கைப்போரைத் தாவோ மெய்யியலின் மொழியில் விளக்கின. ஆகவே, ஜின் யோங் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவியின் வாயில் வைப்பது, பதினேழாம் நூற்றாண்டுக்குப் பின் திரண்டுவந்த ஒரு கருத்தாகும்.

பெயரிடப்படாத பயிற்சி

இருப்பினும், இப்பகுதியின் வலிமை வரலாற்றுத் துல்லியத்தில் இல்லை. அது பயிற்சி தரப்படும் முறையில் உள்ளது. மா யூ தம் கொடையிலிருந்து மூன்றை நீக்கிவிடுகிறார்: ஆசிரியன் என்னும் உரிமை, கலையின் பெயர், பயனைப் பற்றிய வாக்குறுதி. பெயர் தெரியாத ஒன்றை மாணவன் விரும்ப இயலாது. விரும்பாத ஒன்றில் அவன் தோற்கவும் இயலாது. பகலெல்லாம் தோற்றுக்கொண்டே இருக்கும் ஒருவனுக்கு, தோல்விக்கு இடமே இல்லாத ஓர் இரவு கிடைக்கிறது. செயலற்றிருத்தல் என்னும் கடினமான கருத்தை விளக்கவுரை ஏதுமின்றி நிகழ்ச்சியாகவே மாற்றிக் காட்டியிருப்பது இப்பகுதியின் தலையாய சிறப்பாகும்.

உறக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் தற்செயலானதன்று. கனவின்றி உறங்குதலையும் ஆழ மூச்சுவிடுதலையும் மெய்ம்மனிதனின் அடையாளங்களாக ஜுவாங்சி நூலின் ஆறாம் இயல் குறிப்பிடுகிறது. பத்தாம் நூற்றாண்டில் ஹுவா மலையில் வாழ்ந்த சென் துவான், உறக்கத்தையே தவமாகக் கொண்டவர் எனத் தாவோ மரபு போற்றுகிறது. உறக்கம் என்பது முயன்றால் விலகிச் செல்வது. முயற்சியை விட்டால் வந்து சேர்வது. முயற்சியால் மட்டுமே வளர்க்கப்பட்ட ஒரு சிறுவனுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இருக்க முடியாது.

மேலும், குவோ ஜிங்கின் மந்தத்தன்மை வேறொரு குற்றச்சாட்டாகத் திரும்புகிறது. குறை மாணவனிடம் மட்டும் இல்லை. கற்பித்த முறையிலும் உள்ளது என்பதை மா யூ அவனுக்கு உணர்த்துகிறார். அறுவரும் தீயவர் அல்லர். அவனுக்காகத் தம் வாழ்நாளையே செலவிட்டவர்கள். ஆனால், அவர்கள் கற்பித்தது பந்தய நாளை நோக்கி. தேர்வு நாளை நோக்கியே கற்பிக்கும் வழக்கத்திற்குப் பழகிப்போன நம் கல்விச் சூழலிலும் இப்பகுதி உறுத்தவே செய்யும்.

கருவியாகும் மெய்ந்நெறி

இனி, நாம் முன்வைக்க விரும்பும் தடையைக் கூறலாம். குவோ ஜிங்கின் அக வளர்ச்சியைக் கதை எதனால் அளக்கிறது? பாறையின் உயரத்தால் அளக்கிறது. நேற்று ஏற இயலாத இடத்தில் இன்று ஏறினான் என்பதே அவன் அமைதி பெற்றதற்குச் சான்று. அமைதியில் அவன் கண்டது யாது, இழந்தது யாது என்பன சொல்லப்படவில்லை. பின்னர் வரும் கடும் பயிற்சிகளுக்கு இந்த ஈராண்டு உறக்கம் அடித்தளமாகிறது. வெறுமையாக்கிய மனம் போர்வலிமையின் சேமிப்பறையாகிவிடுகிறது. படைக்கலங்களை நற்பேறற்ற கருவிகளாகக் கருதும் தாவோ தே ஜிங்கின் நோக்கில், இது நெறியின் வெற்றியா, நெறி விலைபோனதா என்னும் வினா எழுகிறது.

இவ்வினாவைப் புதினமே பின்னர் எழுப்பிக்கொள்கிறது என்பதுதான் அதன் பெருமை. செங்கிஸ்கானின் படைத்தலைவனாக மேற்கு நோக்கிச் சென்று நகரங்களின் அழிவைக் கண்டவன், தன் தாயையும் இழந்த நிலையில், போர்க்கலை மனிதர்க்குத் தீங்கே செய்கிறது என்று எண்ணத் தலைப்படுகிறான். கற்ற அனைத்தையும் மறந்துவிட விரும்புகிறான். பாறையில் தொடங்கிய பயிற்சியின் உண்மையான முதிர்வு இதுவே எனலாம். சேர்த்ததைக் குறைத்துக்கொண்டே செல்வதுதான் தாவோ நெறியின் வழி. ஆனால், கதை அவனை அங்கே நிற்க விடுவதில்லை. வழியில் எதிர்ப்படும் சியூ சூஜி, நன்மையும் தீமையும் கலையைக் கையாள்பவனிடமே உள்ளன என்கிறார். ஹுவா மலை உச்சியில் ஹொங் சிகொங், தாம் கொன்ற 231 பேரும் கொடியவர்களே என்று நெஞ்சுயர்த்திக் கூறுகிறார். குவோ ஜிங்கின் ஐயம் அகல்கிறது.

இவ்விடை வீரனின் விடை. கடமையைப் போற்றும் கன்பூசிய அறத்தின் விடை என்றும் கூறலாம். தாவோ துறவியின் விடை அன்று. மறக்க விரும்பியவனின் கேள்வி, எண்ணிக்கை ஒன்றால் வாயடைக்கப்படுகிறது. மா யூ அங்கே பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வாசகர் எண்ணிப் பார்க்கும் வாய்ப்பை ஆசிரியர் தரவில்லை. புதினத்தின் மிகப் பெரிய வாய்ப்பு இவ்விடத்தில் தவறிப்போயிற்று என்பதே நம் மதிப்பீடு.

எனினும், ஒன்றை மறுப்பதற்கில்லை. சியூ சூஜியிடம் அதே நெறியின் போர்க்கலையைக் கற்ற யாங் காங், அரண்மனைச் செல்வத்தில் ஊறித் துரோகியாகிறான். தாம் கலையை மட்டும் கற்பித்து, அவன் வாழ்ந்த சூழலை மாற்றத் தவறியதை அவனுடைய ஆசிரியர் பின்னர் எண்ணி வருந்துகிறார். இரு மாணவரையும் ஒப்பிட்டு நோக்கினால், மூச்சு முறையே ஒருவனை நல்லவனாக்கிவிடும் என்று கதை கூறவில்லை என்பது புலனாகும்.

தமிழ் வாசகர் நோக்கில்

இப்பகுதியைப் படிக்கும் தமிழருக்கு வாசியோகமும் திருமூலரும் சித்தர் மரபும் நினைவுக்கு வருவது இயல்பே. போகரைச் சீனத்தோடு இணைக்கும் மரபுக் கதையும் உடன் நினைவுக்கு வரும். ஆனால், மரபுக் கதையைச் சான்றாகக் கொண்டு, 'இதுவும் நம்மிடமிருந்து சென்றதே' என்று முடித்துவிடுவது ஒப்பியலாகாது. அது ஒப்பியலுக்குக் கதவடைப்பதாகும். ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே இங்கு அதிகம் கற்பிக்கிறது. நம் மரபில் குருவின் அருளும் தீட்சையும் பயிற்சியின் வாயில்களாக அமைகின்றன. மா யூ அவ்வாயிலையே அகற்றிவிட்டுக் கற்பிக்கிறார். குரு என்னும் உறவை மறுத்தபின் அருள் எவ்வாறு நிகழும் என்னும் கேள்வியை இக்காட்சி நம்முன் வைக்கிறது. இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பயில வாய்ப்புள்ள இம்மண்ணில், அக்கேள்வியை எடுத்துக்கொள்வது நம் ஆய்வுகளுக்கு வளம் சேர்க்கும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால், ஜின் யோங் பிற்காலத்தில் திரண்ட கருத்தொன்றை முற்காலத் துறவியின்மேல் ஏற்றினாலும், தாவோ நெறியின் உயிர்நிலையான பற்றற்ற கொடையை மிக எளிய நிகழ்ச்சி ஒன்றில் கண்டுகாட்டியுள்ளார் என்பது பெறப்படும். அக்கொடையைப் போர்வலிமையாகக் கணக்கிட்டது வீரப் புதினம் என்னும் வகைமையின் கட்டாயமாகும். அவ்வகைமைக்கு வெற்றி வேண்டும். மா யூ கற்பித்த பாடத்திற்கோ வெற்றி தேவையில்லை. குவோ ஜிங் வென்ற போர்கள் பல. அவற்றுள் பலவற்றை வாசகர் மறந்துவிடக்கூடும். யாரையும் வெல்ல வேண்டிய தேவையின்றி, பாறையுச்சியில் ஒரு சிறுவன் அயர்ந்து உறங்கிய இரவுகளே இப்புதினத்தில் தாவோ நெறி தன் சொந்தக் குரலில் பேசிய இடம் எனத் துணியலாம்.