டேப்பை ஒளித்து வையுங்கள்

மர வேலையில் பொருத்து துல்லியமாக அமைய வேண்டுமா? முதல் காரியமாக அளவு டேப்பைச் சுருட்டி எங்காவது கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். இரண்டு கட்டைகளுக்கு நடுவே ஒரு முடி நுழையாதபடி மூட்டு உட்கார்வதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்கு ஈடாக இந்தத் தஞ்சாவூர்ச் சீமையில் ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன்: நல்ல கச்சேரியில் கடைசித் தீர்மானம் சமத்தில் வந்து விழுவது. அந்தச் சந்தோஷத்துக்கு டேப் வேண்டாம், மெஷின் வேண்டாம். நாலு உளி, ஒரு ரம்பம், ஒரு மூலைமட்டம், ஒரு கத்தி போதும்.

திருவையாற்றுப் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக் கொல்லையில் மாடு போன பிறகு சும்மா கிடந்த கொட்டகைதான் என் பட்டறை. குருநாதர் எங்கள் ஊர் ஆசாரியார். நிலையும் கதவும் செய்தே காலம் தள்ளிய குடும்பம். இப்போது இழைப்பு மெஷினும் பிளைவுட்டும் வந்து அவர் கையில் வேலை குறைந்துவிட்டது, அதனால்தான் என்னைப் போன்ற ஆர்வக்கோளாறுக்குச் சொல்லித்தர அவருக்கு நேரம் கிடைத்தது. அவருக்கு மேஜை கிடையாது, வைஸ் கிடையாது. தரையில் உட்கார்ந்து கட்டையை இரண்டு பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொள்வார். குதிகால்தான் அவருடைய வைஸ். அப்படி உட்கார்ந்து மூட்டின் துளைக்குள் செருகுகிற நாக்கு ஒன்றை அவர் அறுப்பதைப் பார்த்த அன்றைக்கு எனக்குப் பித்துப் பிடித்தது, இன்னும் தெளியவில்லை.

அவர் பேச்சில் மில்லிமீட்டர் வராது. எல்லாம் நூல்தான். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். அரை நூல் என்றால் பதினாறில் ஒன்று. நம் ஊரில் கம்பி கட்டுகிறவர் முதல் கதவு செய்கிறவர் வரை புழங்குகிற கணக்குதான். ஆனால் அந்தக் கணக்கும் மரம் அறுத்து வாங்குகிற வரைக்குமே. மூட்டு என்று வந்துவிட்டால் எண்ணே கிடையாது. "தம்பி, அளந்தா ரெண்டு தடவ தப்பு வரும். ஒண்ண வச்சு ஒண்ணக் கீறு, தப்பு எங்கேருந்து வரும்?" என்பார். அவருடைய பாடம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம். மீதியெல்லாம் இதற்கு உரை.

யோசித்துப் பாருங்கள். டேப்பைப் பிடித்து ஒரு எண்ணைப் படிக்கிறோம். அந்த எண்ணை மனசில் தூக்கிக்கொண்டு வந்து இன்னொரு கட்டையில் பென்சிலால் புள்ளி வைக்கிறோம். டேப்பின் கொக்கி ஆடும், கண் சாயும், பென்சில் முனை மழுங்கும். இத்தனை இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். துளை உள்ள கட்டையையே கொண்டுபோய் மற்றக் கட்டையின் மேல் வைத்துக் கீறிவிட்டால் கசிய வழியே இல்லை. ஸ்டூலுக்கு நாலு கால் என்றால் நாலையும் தனித்தனியாக அளக்காதே, சேர்த்துக் கட்டி வை, மூலைமட்டத்தை வைத்து நாலுக்கும் குறுக்கே ஒரே கோடு இழு. கோடு அரை நூல் தள்ளிப் போனாலும் நாலும் சேர்ந்தே தள்ளிப் போகும், ஸ்டூல் ஆடாது.

அடுத்தது, முகம் பார்ப்பது. ஒவ்வொரு கட்டையிலும் நல்ல பக்கம் ஒன்றையும் அதை ஒட்டிய விளிம்பு ஒன்றையும் நேராக இழைத்து, அதில் ஒரு குறி போட்டுவிட வேண்டும். பிறகு மூலைமட்டமோ கேஜோ எதை வைத்தாலும் அந்தக் குறி போட்ட பக்கத்திலிருந்துதான் வைக்க வேண்டும். மற்ற இரண்டு பக்கங்களும் கொஞ்சம் கோணியிருந்தால்கூடக் குடிமுழுகிப் போகாது. ஏதோ சடங்கு மாதிரி தெரியும். ஆனால் பாதிப் பொருத்துகள் பிசகுவது இந்தக் குறி இல்லாததால்தான்.

இப்போது கத்திக்கு வருகிறேன். இதைப் பற்றி நான் பேச ஆரம்பித்தால் வீட்டில் எழுந்து போய்விடுகிறார்கள்! பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு. அதன் இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, நடுவிலா, எங்கே அறுப்பது? கத்திக் கீறலுக்கு அகலமே இல்லை. ஆசாரியாரின் கத்தி பழைய ஹேக்ஸா பிளேடை உடைத்துச் சாணை பிடித்தது. ஒரு பக்கம் மட்டும் சரிவு, மறுபக்கம் தட்டை. தட்டைப் பக்கத்தை மூலைமட்டத்தோடு ஒட்டி முதல் இழுப்பு மெதுவாக, இரண்டாவது கொஞ்சம் அழுத்தி. அப்புறம் கழிக்கப்போகிற பக்கத்தில் உளியைச் சாய்த்துப் பிடித்து அந்தக் கீறலை நோக்கி ஒரு சீவு. மெல்லிய சிராய் ஒன்று சுருண்டு எழும். அது போன இடத்தில் செங்குத்தான சின்னச் சுவர் நிற்கும். ரம்பத்தை அந்தச் சுவரில் சாய்த்து வைத்தால் அது தானே ஓடும். நாக்கின் தோள், அதாவது அதன் அடியில் உள்ள படி, கண்ணாடி வெட்டினதுபோல் வந்து நிற்கும். இதற்குக் கைராசி ஒன்றும் வேண்டியதில்லை. சுவர் இருக்கிறது, ரம்பம் அதில் சாய்ந்துகொள்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

துளை போடுவதிலும் இதே கதை. கட்டையின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு துளைக்கு என்பது பொது வழக்கம். பன்னிரண்டு நூல் தடிமன் என்றால் நாலு நூல் துளை. ஆனால் ஆசாரியார் நாலு நூலை அளப்பதில்லை. நாலு நூல் உளியை எடுத்து அதன் வாய்க்கே கேஜின் முள்ளைப் பொருத்திவிடுவார். உளி எவ்வளவோ துளை அவ்வளவு, நாக்கும் அவ்வளவே. கடையில் நாலு நூல் என்று விற்ற உளி உண்மையில் கொஞ்சம் கம்மியாக இருந்தால்தான் என்ன? கொட்டாப்புளியால் தட்டிக் கொத்தும்போது துளையின் இரு முனையிலும் அரை நூல் மிச்சம் வைத்து உள்ளேதான் கொத்த வேண்டும். நெம்பும்போது விளிம்பு நசுங்கும் இல்லையா, அந்த நசுங்கிய அரை நூல் கடைசியில் நேர்க்குத்தாகச் சீவும்போது போய்விடும். வெளியே புதுசாக, கூராக ஒரு ஓரம் தெரியும். ஊடுதுளை என்றால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம், நடுவில் சந்தித்துக்கொள்ளட்டும். ஒரே பக்கமாகக் கொத்திக்கொண்டு போனால் மறுபக்கம் பிய்த்துக்கொண்டு வரும்.

நாக்கு உள்ளே போகாமல் முரண்டு பிடித்தால் எங்கே சீவுவது? கண்ணுக்குத் தெரியாது. அதற்கு விளக்குக் கரி. நாக்கில் லேசாகத் தடவி, துளையில் நுழைத்து, கையால் அழுத்தி, வெளியே எடுத்தால் உரசின இடத்தில் கரி மினுமினுக்கும். அந்த இடத்தில் மட்டும் ஒரு சீவல். மறுபடி நுழை, மறுபடி பார். கையால் அழுத்தினால் முக்கால்வாசி போய், மீதிக்குக் கொட்டாப்புளி லேசாகத் தட்டக் கேட்டால் அதுதான் பதம்.

ஆனால் என்னை அடியோடு கவிழ்த்தது மூங்கில் ஆணி. நாக்கைத் துளையில் செருகி, குறுக்கே ஒரு துளை போட்டு ஆணி அடிப்பது யாருக்கும் தெரிந்ததுதான். ஆசாரியார் வெளிக்கட்டையின் துளையையும் நாக்கின் துளையையும் ஒரே நேர்க்கோட்டில் போடமாட்டார். முதலில் வெளிக்கட்டையில் மட்டும் ஆணித்துளை. பிறகு நாக்கைச் செருகி, துரப்பண முனையால் அதில் ஒரு புள்ளி. நாக்கை வெளியே எடுத்து, அந்தப் புள்ளியிலிருந்து அரை நூல் தோள் பக்கமாகத் தள்ளித் துளை. இப்போது மூட்டைச் சேர்த்தால் இரண்டு துளைகளும் ஒன்றுக்கொன்று கொஞ்சம் விலகி நிற்கும். முனை சீவின மூங்கில் ஆணியை அடிக்க அடிக்க, அது வளைந்து உள்ளே போகிற போக்கில் தோளை வலித்து இழுத்துக் கட்டையோடு ஒட்டவைத்துவிடும். கிளாம்ப் இல்லை, வஜ்ஜிரம் இல்லை, ஃபெவிகால் இல்லை. கண்ணெதிரே இடைவெளி மூடுவதைப் பார்த்து நான் வாய்விட்டே கத்திவிட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆணியைச் சீவிக்கொண்டிருந்தார்.

இதையே ஆளுயரத்துக்குப் பண்ணினால் வண்டிச் சக்கரம். டயர் வண்டி வருவதற்கு முன் டெல்டாவில் நெல் மூட்டை சுமந்த கட்டை வண்டியைச் சொல்கிறேன். நடுவில் குடம், அதில் செருகிய ஆரக்கால்கள், வெளியே வளைந்த வட்டைகள். ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்று பன்னிரண்டுக்கு ஆறு. எல்லாம் துளையும் நாக்கும்தான். அதற்கு மேல் இரும்புப் பட்டா. பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகவே பற்றவைத்து, சுற்றிலும் வறட்டி அடுக்கித் தீ மூட்டி, பழுக்கக் காய்ச்சி, இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடி விட்டச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 188 அங்குலம். இரும்பை 500 டிகிரி சூடேற்றினால் அந்தப் பட்டா ஒன்பது நூல் நீளும். ஆறும்போது அந்த ஒன்பது நூலும் திரும்பச் சுருங்கப் பார்க்கும். சுருங்குகிற இரும்பு ஆறு வட்டைகளையும் பன்னிரண்டு ஆரக்கால்களையும் குடத்தை நோக்கி நெருக்கும். அந்த நெருக்கலில் தளர்ந்த மூட்டு என்று ஒன்று மிஞ்சுமா?

காவிரிப் படுகையில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு பாடம் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றையே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். சித்திரையில் பலகை வெடிக்கும். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். அதனால் கதவுப் பலகையைச் சட்டத்தின் காடியில் சும்மா செருகி விடுவதோடு சரி, பசை போடவே கூடாது. சட்டத்தின் மூட்டு இறுக்கமாகவும், உள்ளே இருக்கிற பலகை தாராளமாகவும் இருந்தால் கதவு பல தலைமுறை பார்க்கும். மழைக்காலத்தில் செய்கிறீர்களா, பலகை ஊதி நிற்கிறது, காடியில் நெருக்கமாகவே விடலாம். கோடையில் செய்கிறீர்களா, ஊதுவதற்கு ஒரு நூல் இடம் விடுங்கள்.

எண்ணே இல்லாமல் எப்படி என்று கேட்பவர்களுக்கு அளவுக்குச்சி இருக்கிறது. ஒரு மூங்கில் சிம்பில் கதவின் உயரம், குறுக்குச் சட்டம் வரும் இடம், தாழ்ப்பாள் இடம் எல்லாம் கத்தியால் கீறி வைத்துவிட்டால் அந்தக் குச்சியே வரைபடம். பத்துக் கதவு செய்தாலும் பத்தும் ஒன்றுபோல் வரும். பழைய தச்சு முழம் இதே புத்திதான்: 24 விரல் கொண்ட 33 அங்குலக் கோல். ஒரு விரல் நம் கணக்கில் சரியாகப் பதினோரு நூல். பெருந்தச்சர்கள் உலாவின ஊர் இது. 1010இல் முடிந்த பெரிய கோயிலின் கல்வெட்டிலேயே வீரசோழன் குஞ்சரமல்லனான இராசராசப் பெருந்தச்சன் என்று பெயர் இருக்கிறது. ராஜாவின் பெயர் இருக்கிற இடத்தில் தச்சனின் பெயரும் இருக்கிறது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தஞ்சாவூர் வரை வந்துவிட்டு வீணையைப் பார்க்காமல் போனால் எப்படி! 2013இல் புவிசார் குறியீடு வாங்கின வீணை. பலா மரத்தைக் குடைந்து ஒரே கட்டையில் செய்தால் ஏகாண்ட வீணை. குடம், தண்டி, யாளித் தலை என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தால் ஒட்டு வீணை. ரசிகர்கள் ஏகாண்டத்தைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடுவார்கள். எனக்கென்னவோ மூட்டுப் பைத்தியம் பிடித்ததிலிருந்து ஒட்டு வீணை மேல்தான் கண். தந்திகள் ஏழும் ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்க, குடமும் தண்டியும் சேருகிற இடம் அசையாமல் நிற்க வேண்டும்; அசைந்தால் சுருதி போச்சு. பிறகு மேளம் கட்டுவதைப் பாருங்கள். 24 மெட்டுகளையும் கரிய மெழுகில் பதித்து, ஒவ்வொன்றையும் மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி, மறுபடி கேட்டு நிறுத்துகிறார்கள். ரகுநாத நாயக்கர் காலத்தில் இந்த 24 மெட்டு அமைப்பு நிலைபெற்றதாகச் சொல்வார்கள். அன்றைக்கும் இன்றைக்கும் அங்கே கடைசித் தீர்ப்பு காதுக்குத்தான். எங்கள் ஆசாரியார் இதைப் பார்த்தால் தலையாட்டுவார்.

சின்னச் சின்ன உத்திகள் இரண்டைச் சொல்லிவிடுகிறேன். மூலைமட்டத்தை நம்பாதீர்கள், சோதியுங்கள்: நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு கீறி, மட்டத்தை அப்படியே புரட்டி, அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், விலகலில் பாதிதான் மட்டத்தின் குற்றம். சட்டம் சேர்த்த பிறகு மூலைக்கு மூலை ஒரு குச்சியை வைத்துக் கீறி, மற்ற இரண்டு மூலைக்கும் அதே குச்சியைக் கொண்டு போங்கள். கீறல் தள்ளி விழுந்தால் நீளமான மூலைகளைப் பிடித்து ஒரு அமுக்கு. பசை காய்வதற்குள் செய்ய வேண்டும்.

தொடங்க நினைப்பவர்கள் கடைக்கு ஓடி மெஷின் வாங்க வேண்டாம். இரண்டு நூல், நாலு நூல், எட்டு நூல் என்று மூன்று உளி, பல் நெருக்கமான ஒரு சின்ன ரம்பம், ஒரு இழைப்புளி, எண்ணெய்க் கல். முன்கை மயிர் மழிகிற அளவுக்கு உளியைத் தீட்டக் கற்றுக்கொள்ளுங்கள், அது இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. தேக்கில் கை வைக்காதீர்கள், கட்டுப்படியாகாது. வாய்க்கால் கரையில் விழுந்த பூவரசு எங்காவது கிடைக்கும். அறுத்து நிழலில் அடுக்கி, நடுவே குச்சி கொடுத்து நன்றாக உலரவிடுங்கள். முதல் வேலையாக ஒரு முக்காலி. மூன்று கால் என்பதால் தரை எப்படி இருந்தாலும் ஆடாது, புதுக் கைக்கு அதைவிட நல்லது கிடையாது. உட்காரும் பலகையில் மூன்று ஊடுதுளை, கால் முனையில் உருண்டை நாக்கு, நாக்கின் தலையில் ஒரு பிளவு, மேலிருந்து அதில் ஒரு ஆப்பு. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆப்பு பலகையின் ரேகைக்குக் குறுக்காக நிற்க வேண்டும். ரேகையோடு நின்றால் பலகை இரண்டாகப் பிளந்துவிடும்.