எழுத்தில் கண்ட ஆட்டம்

வரதராஜர் கோபுரத்தைப் பார்த்தே வளர்ந்து, ஹெல்ஸிங்கி மைதானத்தைக் கனவிலும் கண்டிராத ஒரு காஞ்சீபுரத்து ரசிகனுக்கு, 1952-ஆம் வருஷத்து ஒலிம்பிக் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா நெதர்லாந்தை 6-1 என்று வென்றபோது பல்பீர் சிங் அடித்த ஐந்து கோல்களும் கண்ணெதிரே நிகழ்ந்தவைபோல் விளங்கினவென்றால், அந்த மானஸிகச் சித்திரத்தை வரைந்து தந்த உபகாரிகள் ஹாக்கி விமரிசகர்களே. சென்னையில் ‘ஹிந்து’ ஸ்தாபனத்தார் நடத்திய ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ வாரப் பத்திரிகை இதில் செய்த சேவை மகத்தானது. ஹாக்கி வீரர் தியான் சந்தின் சுயசரிதையான ‘கோல்’ அதே 1952-இல் அதன் பிரசுரமாகவே வெளிவந்தது என்பதை நாம் தாராளமாகப் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

கோல் விழுவது ஒரு க்ஷணம். தேர்ந்த விமரிசகரோ அதற்கு முன்னே சென்று, பின்களத்தில் பந்தை மறித்தவர் யார், எதிரியைத் தம்பால் இழுத்து வழி திறந்தவர் யார் என்று, நம் ஊர்க் கோர்வைச் சேலையில் கரையும் உடலும் இணைகிற நுட்பத்தைக் கைதேர்ந்த நெசவாளர் காட்டித் தருவதுபோல் விளக்குகிறார். ‘ஹிந்து’வில் எஸ். தியாகராஜன் பல்லாண்டுகள் எழுதிவந்த ஹாக்கிக் கட்டுரைகளும் இத்தகைய பயிற்சியையே அளித்தன. சென்னை எழும்பூர் ஹாக்கி மைதானத்தில், கோல் விழுமுன்பே, பந்தை லாகவமாகத் தள்ளிவிட்ட ஆட்டக்காரருக்குக் கரகோஷம் செய்கிறவர்களைப் பார்க்கும்போது, இவர்கள் நல்ல விமரிசனம் படித்தவர்கள் என்று நிச்சயமாய்த் தோன்றுகிறது.